நிப்பிள் முறிஞ்ச துவக்கை வெல்டிங் கடைக்கு கொண்டு போயிறாதீங்க

வெலிமடைப் பக்கத்துல உருளைக்கெழங்கும் போஞ்சியும் போடுற ஒரு தம்பி கேட்டிருக்காரு. அப்பா பேர்ல லைசன் உள்ள பழைய இடியன் துவக்கு, வாய் வழியா மருந்து கெட்டிக்கிறது. பன்றித் தொல்லைக்கு எடுத்தது. ரெண்டு வருஷமா சும்மா கெடந்துச்சு, இப்ப கழுவலாம்னு நிப்பிளை, அதாவது குதிரை (சுத்தியல்) அடிச்சதும் பொறி விடுற கேப்பை மாட்டுற, ஓட்டையுள்ள சின்னத் திருகை, பிளையரால திருகினதுல தலை முறிஞ்சு வேர் மட்டும் குழலுக்குள்ளயே நிக்குதாம். டவுன்ல ஒரு வெல்டிங் கடைக்காரர் பழைய ஓட்டையை அடைச்சிட்டு பக்கத்துல புதுசா ஒன்னு போட்டுத் தாறேன்னாராம். இன்னொரு ஆளு துவக்கை என்கிட்ட குடுங்க, நானே செஞ்சு எடுத்துட்டு வாறேன், பதினையாயிரம் சல்லி போதும்னாராம். இதுல எது சரின்னு கேக்குறாரு.

ரெண்டும் சரியில்ல தம்பி. முறிஞ்ச நிப்பிள் பெரிய விஷயமே இல்ல, குழல் நல்லா இருந்தா இது தெரிஞ்சவருக்கு அரைநாள் வேலை. ஆனா மேல சொன்ன ரெண்டு வழியில எதுல போனாலும் கடைசில துவக்கும் போகும், கையும் போகலாம்.

மொதல்ல ஒன்னு பாருங்க, வேற எதையும் தொடுறதுக்கு முன்னாடி. உள்ள மருந்து கெட்டிச்சபடி இருக்கா? ரெண்டு வருஷம் சும்மா கெடந்ததுன்னா அப்பா கடைசியா கெட்டிச்சிட்டு சுடாமலே வச்சிருக்கலாம், இது ஊர்ல சாதாரணமா நடக்குற விஷயம். குழல் வாய்க்கு நேரா மூஞ்சியையோ கையையோ கொண்டு போகாம, பக்கவாட்டுல நின்னு, கெட்டிக்கிற கம்பியை மெதுவா அடி வரைக்கும் விடுங்க, குழல் வாய்க்கு சரியா வர்ற எடத்துல கம்பியில ஒரு டேப்பு சுத்துங்க. இடிக்க வேணாம், விட்டா போதும். வெளிய எடுத்து அதே கம்பியை குழல் மேல நீட்டி வைங்க, டேப்பு குழல் வாய்க்கு நேரா இருக்கணும். அப்ப கம்பியோட மத்த முனை நிப்பிள் இருக்குற எடத்துக்கு கிட்ட வந்துச்சுன்னா உள்ள ஒன்னுமில்ல. ரெண்டு மூனு வெரல் முன்னாடியே நின்னா உள்ள மருந்தும் ஈயமும் இருக்குன்னு வச்சுக்கங்க. கறுப்பு மருந்து வருஷக்கணக்கா இருந்தாலும் சாகாது. அப்படி இருந்தா வேற ஒன்னும் செய்யாதீங்க. வாய்ப்பக்கமா தண்ணி ஊத்தினா செத்துரும்னு சிலபேர் சொல்லுவாங்க, மேல இறுக்கி வச்ச அடைப்பு தண்ணியை மருந்துக்கு விடாது. ஆள் இல்லாத பக்கமா வாய் திரும்பி இருக்குற மாதிரி ஒதுக்கி வச்சு, புள்ளைங்க கிட்ட போகாம பாத்து, கெட்டிச்ச துவக்குன்னே பொலிஸுக்கும் ரிப்பேர்காரருக்கும் சொல்லுங்க.

இப்ப வெல்டிங் கதைக்கு வருவோம். கெட்டிச்ச குழல்ல வெல்டிங் வச்சா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல. ஆனா காலிக் குழல்ல வச்சாலும் தப்புதான். நிப்பிள் இருக்குற எடம்தான் வெடி அழுத்தம் முழுசா தாங்குற எடம், சூடு வாங்குன எடத்தோட ஓரத்துல இரும்பு பலம் கெட்டு வெடிப்பு விட்டுரலாம், கண்ணுக்கு ஒன்னும் தெரியாது, மேல ராவி பெயின்ட் அடிச்சுக் குடுத்துருவாங்க. அதோட உள்பக்கம் உருகி நீட்டிக்கிட்டு நிக்கிற அந்தக் கூர் இருக்கே, அதுல சுட்ட பிறகு கனல் தங்கும். அடுத்த தரம் நீங்க மருந்து ஊத்தும்போது அந்தக் கனல் பத்திக்கும். ஊத்துற கை குழல் வாய்க்கு நேரா இருக்கும், யோசிச்சுப் பாருங்க. கேட்டு, கிரில் செய்ய அந்தக் கடைக்காரர் நல்ல ஆளா இருக்கலாம், குழலுக்கு அவர் ஆள் இல்ல.

சரி, எப்படித்தான் செய்யணும்? நீங்க வீட்டுல செய்யக்கூடியது ஒன்னே ஒன்னு. முறிஞ்ச வேரைச் சுத்தி ஒரு கறுப்பு வளையம் தெரியும் பாருங்க, அது எரிஞ்ச மருந்தோட உப்பும் துருவும் சேந்து இறுகினது. கறுப்பு மருந்து சாம்பல் காத்துல இருக்குற ஈரத்தை இழுக்கும், நம்ம மலையில பனியும் மழையும் சேந்தா கேக்கவே வேணாம், அதனாலதான் சுட்ட அன்னைக்கே சுடுதண்ணியில கழுவணும்னு சொல்றது. அந்த எடம் மேல் நோக்கி இருக்குற மாதிரி துவக்கை வச்சு துரு கழட்டுற ஒயில் ரெண்டு சொட்டு விடுங்க, அது கெடைக்கலன்னா மண்ணெண்ணெய். நாலஞ்சு நாள் காலையும் மாலையும் விடுங்க. அவ்வளவுதான். கை ட்ரில் எடுத்து தோண்டாதீங்க, அது வழுக்கிக்கிட்டு ஓரத்துக்குப் போய் மரையை தின்னுரும், மரை போச்சுன்னா சின்ன வேலை பெரிய வேலையாகும். ரிப்பேர்காரர் நடுவுல நேரா ஒரு ஓட்டை போட்டு, இடது பக்கம் திரும்புற கழட்டி வச்சு வேரை வெளிய எடுப்பாரு. உங்க துவக்குல நிப்பிள் நேரா குழல்ல இல்லாம, பக்கவாட்டுல திருகின ஒரு சின்ன உருளையில இருந்தா அந்த உருளையையே மாத்தலாம், இன்னும் லேசு.

வேரை எடுத்த பிறகு ஒரு சின்ன சோதனை கேளுங்க. மண்ணெண்ணெய் தடவி கொஞ்ச நேரம் ஊற விட்டு, நல்லா தொடச்சிட்டு அந்த எடத்துல சாக்பீஸ் தூள் பூசச் சொல்லுங்க. வெடிப்பு இருந்தா உள்ள போன எண்ணெய் திரும்ப கசிஞ்சு வெள்ளைத் தூள்ல மயிர் மாதிரி ஒரு கோடு போடும். கோடு வந்தா அந்தக் குழல் முடிஞ்சது, எவ்வளவு ஆசையா இருந்தாலும் இனி அதுல சுடக்கூடாது.

அடுத்தது புது நிப்பிள். எல்லாரும் ஏமாறுற எடம் இதுதான். எல்லா நிப்பிளும் ஒன்னுதான்னு சொல்லி ஒரு பொட்டலத்துல இருந்து எடுத்துக் குடுப்பாங்க. கால் அங்குல மரை 6.35 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 28 சுத்து. மில்லிமீட்டர் கணக்குல வர்றது 6, அதுல மரை இடைவெளி 0.75 இருக்கும், 1 இருக்கும். 6 மில்லி நிப்பிளை கால் அங்குல ஓட்டையில திருகினா போகும், கொஞ்சம் லூசு, டேப்போ நூலோ சுத்தினா இறுகினது மாதிரி நிக்கும். ரெண்டு மூனு வெடி தாங்கும், அப்புறம் ஒரு நாள் அது பின்னாடி பறந்து வரும், உங்க கண்ணு அங்க ஒரு முழத்துல இருக்கும். பழைய இங்கிலாந்து துவக்குகள்ல 26 சுத்து மரையும் உண்டு, ஊர்ல அடிச்ச துவக்குல எந்தக் கணக்கும் கெடையாது. அதனால ஓட்டையோட மரையை அளந்து அதுக்கேத்த நிப்பிளை கடைசல்ல போடுறதுதான் வேலை. மரை தேஞ்சிருந்தா ஒரு அளவு பெருசா மரை வெட்டி அதுக்கு நிப்பிள் செய்யலாம். சைக்கிள் போல்ட்டுல ஓட்டை போட்டு நிப்பிள்னு வைக்கிறவங்களும் இருக்காங்க, அதை ஏத்துக்காதீங்க. நிப்பிளோட அடி ஓட்டை 0.7, 0.8 மில்லிக்கு மேல இருக்கக்கூடாது. பெருசானா வெடி காத்து பின்னாடி வந்து குதிரையை தூக்கி அடிக்கும், கேப்பு சிதறும். இதே காரணத்துக்காக பட்டாசு மருந்து, தீக்குச்சி மருந்து, தோட்டா உடைச்சு எடுத்த மருந்து எதையும் இந்தத் துவக்குக்குள்ள போடக்கூடாது, நிப்பிள் பறக்குறதோட நிக்காது, குழலே கிழியும்.

குழலுக்கு அடியில கட்டையை கழட்டிப் பாத்தா சிலதுல பர்மிங்காம் முத்திரை இருக்கும், 1813ல தொடங்கின அந்த சோதனைச் சாலையில வச்சு தாங்கும்னு பாத்த அடையாளம். அதை காட்டி பழைய இங்கிலீஷ் குழல் ஒன்னும் ஆகாதுன்னு தரகர் சொன்னா நம்பாதீங்க. அந்த முத்திரை குழல் அன்னைக்கு இருந்த நெலைமைக்குத்தான், துருப்பிடிச்சு வெல்டிங் வாங்கின குழலுக்கு இல்ல.

இப்ப அந்தப் பதினையாயிரம் கேட்ட ஆளைப் பத்தி. 1916ஆம் ஆண்டு 33ஆம் இலக்க துப்பாக்கி கட்டளைச் சட்டப்படி துவக்கு ரிப்பேர் செய்றதுக்கே தனி லைசன் வேணும். லைசன் இருக்குறவரு கடை போட்டு உக்காந்திருப்பாரு, வீடு வீடா வந்து துவக்கை எடுத்துட்டுப் போகமாட்டாரு. எடுத்துட்டுப் போறவங்க என்ன செய்றாங்க தெரியுமா? நல்ல குழலை கழட்டிட்டு வேற குழலை, சில நேரம் தண்ணி பைப்பை, உங்க கட்டையில மாட்டித் தருவாங்க. உங்க குழல் கட்டுத்துவக்காகி, கம்பியில கால் பட்டா தானா வெடிக்கிற பொறியா ஏதாவது பாதையில நிக்கும். அதுல பன்றி மட்டுமா விழுது? வெறகு பொறுக்கப் போற பொம்பளைங்க, தேயிலைக் காட்டுல நடக்குற ஆளுங்க, சிறுத்தை, எல்லாம் விழுது. கட்டுத்துவக்கு வைக்கிறது யாரு செஞ்சாலும் குத்தம், பயிரைக் காக்கன்னு சொன்னாலும் குத்தம்தான். நாளைக்கு அந்தக் குழல்ல உங்க அப்பா லைசன்ல உள்ள நம்பர் இருந்தா பொலிஸ் யார் வீட்டுக்கு வரும்?

லைசன் அப்பா பேர்ல, அப்பா படுத்த படுக்கைன்னு எழுதியிருக்கீங்க. இதை கொஞ்சம் நிதானமா கேளுங்க, ஏன்னா பாதிப்பேர் இதுலதான் மாட்டுறாங்க. லைசன் துவக்குக்கு இல்ல, ஆளுக்கு. மகன்ங்கிறதால அது உங்களுக்கு வந்துராது. நீங்க அதை சாக்குல சுத்தி பதுளை பஸ்ல ஏறினா லைசன் இல்லாம துவக்கு வச்சிருந்த ஆளு நீங்கதான், அப்பாவோட கடதாசி பையில இருந்தாலும் சரி. அதனால துவக்கை அசைக்கிறதுக்கு முன்னாடி பொலிஸ் ஸ்டேஷனுக்கு வெறுங்கையோட போய், லைசன் கொப்பியோட, இன்ன காரணத்துக்காக இன்ன எடத்துக்கு ரிப்பேருக்கு போகணும், அப்பாவால வரமுடியாது, என்ன செய்யணும்னு எழுத்துல குடுங்க, வாங்கிக்கிட்டதுக்கு கையெழுத்து வாங்குங்க. அவங்க ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொன்னா ஒப்படைங்க, ரசீது எடுங்க. ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 31க்குள்ள புதுப்பிக்கணும், ரெண்டு வருஷம் கெடந்ததுன்னு சொல்றீங்க, புதுப்பிச்சீங்களான்னு நீங்க எழுதல. விட்டிருந்தா ரிப்பேரை மறந்துட்டு கச்சேரிக்குத்தான் (மாவட்டச் செயலகத்துக்கு) மொதல்ல போகணும். அப்பாவால இனி முடியாதுன்னா உங்க பேர்ல புதுசா விண்ணப்பிக்கிறதுதான் வழி.

அங்க போனா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். கிராம சேவகர் கடிதம் கொண்டா, காணி உறுதி கொண்டா, பொலிஸ் ரிப்போர்ட் கொண்டா, பாரம் சிங்களத்துல மட்டும் இருக்கு, தமிழ்ல கேட்டா அடுத்த கெழமை வாங்கம்பாங்க. தோட்டத்துல லயத்துக்குப் பின்னாடி மரக்கறி போட்டு வாழுற ஆளுக்கு காணி உறுதி எங்கருந்து வரும்? பன்றி உறுதி பாத்தா திங்குது? எரிச்சலாத்தான் இருக்கு. இந்த எரிச்சல்லதான் ஆளுங்க தரகர் கையில போய் விழுறாங்க. ஒரு விவசாயி நேர்மையா ஒரு நிப்பிள் மாத்த இவ்வளவு அலையணும்னு வச்சிருக்கிறவங்களுக்கும் அந்த கட்டுத்துவக்குல பங்கு இருக்குன்னு நான் சொல்லுவேன். ஆனாலும் அலையுங்க தம்பி.

ரிப்பேருக்கு குடுக்கும்போது குழல்ல உள்ள நம்பரை லைசனோட ஒத்துப்பாத்து போன்ல படம் எடுங்க, நிப்பிள் எடத்தையும் அடிப்பக்கத்தையும் சேத்து. திரும்ப வாங்கும்போது சல்லி குடுக்குறதுக்கு முன்னாடி அதே படத்தை வச்சு ஒவ்வொன்னா பாருங்க, முறிஞ்ச வேரையும் கேட்டு வாங்குங்க. புது நிப்பிள் வெரலாலயே அடி வரைக்கும் ஆடாம இறங்கி, கடைசி கால் சுத்துக்கு மட்டும் சாவி தேவைப்படணும். ஆடினா வாங்காதீங்க.