வேகத்தைக் கூட்டியும் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது: என்ன செய்வது?

கேள்வி: எங்கள் பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் தலைமை அலுவலகமும், போன்களை இணைக்கும் எக்ஸ்சேஞ்சான ஐபி பிபிஎக்ஸும் திருப்பூரில் உள்ளன. சென்னைக் கிளையின் 12 போன்களும் ஐபிசெக் விபிஎன் (இணையத்தின் மேல் மறையாக்கம் செய்த தனிப் பாதை) வழியாக இதோடு இணைகின்றன. பகலில் தொந்தரவு இல்லை. மாலையில், சென்னையிலிருந்து சாம்பிள் படங்களும் கணக்கு பேக்கப்பும் வரும் நேரத்தில், அவர்கள் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது. நாங்கள் பேசுவது அவர்களுக்குத் தெளிவாகவே கேட்கிறதாம். திருப்பூர் இணைப்பை 50 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 200க்கு உயர்த்தியும் பலனில்லை. சென்னையில் கேபிள் பிராட்பேண்ட்; டவுன்லோடு 40, அப்லோடு 5. குரலை எண்களாக்கும் முறையை (கோடெக்), ஜி.711-ஐ விட்டு அதிகம் சுருக்கும் ஜி.729க்கு மாற்றலாமா?

பதில்: மாற வேண்டாம். சென்னைக் குரல் மட்டும் உடைகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. அடைப்பு சென்னையின் அப்லோடில். நீங்கள் பணம் கட்டி அகலப்படுத்தியது மறுமுனையை.

அந்த 5 எம்பிபிஎஸ் குரலுக்குப் போதாது என்றும் நினைக்க வேண்டாம். ஜி.711 அழைப்பு ஒன்றுக்கு, பேக்கெட் எனப்படும் தரவுத் துண்டுகளின் முகவரித் தலைப்புகளையும் சேர்த்து, ஒரு திசையில் 80 கேபிபிஎஸ் ஆகும். விபிஎன் உறையும் சேர்ந்தால் சுமார் 110. பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினாலும் 1.4 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. தூரமும் காரணமில்லை. ஃபைபரில் 1000 கிலோமீட்டரைக் கடக்க சுமார் 5 மில்லிசெகண்ட் போதும்.

கெடுப்பது வரிசை. பேக்கப் தொடங்கியதும் கிடைக்கிற அப்லோடு முழுவதையும் அது பிடித்துக்கொள்ளும். மிச்சம் மோடத்தின் பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) தேங்கும். அங்கே 500 கிலோபைட் தேங்கினாலே, 5 எம்பிபிஎஸ்ஸில் அது வடிய 0.8 விநாடி ஆகிவிடும். நொடிக்கு 50 வீதம் புறப்படும் சிறு சிறு குரல் பேக்கெட்டுகள் அதன் பின்னால் நிற்கின்றன. ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு-வின் ஜி.114 பரிந்துரை. ஜி.729க்கு மாறினால் ஒரு அழைப்பு 80லிருந்து 24 கேபிபிஎஸ்ஸாகக் குறையும், ஆனால் பேக்கெட் எண்ணிக்கை அதேதான், அவை நிற்கும் வரிசையும் அதேதான். குரலின் தரத்தை இழந்ததுதான் மிச்சமாகும்.

முதலில் சோதித்துப் பாருங்கள். சென்னையில், வைஃபை இல்லாமல் கேபிள் செருகிய ஒரு கணினியிலிருந்து திருப்பூருக்கு, போய்வரும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளையை நிற்காமல் ஓட விட்டு, பேக்கப்பைத் தொடங்குங்கள். இருபது முப்பது மில்லிசெகண்டில் இருந்த எண் சில நூறுகளுக்குத் தாவி, பேக்கப்பை நிறுத்தியதும் இறங்கினால் சந்தேகமே வேண்டாம். அன்றே செய்யக்கூடிய வேலை, பேக்கப்பை இரவுக்குத் தள்ளுவது.

படங்கள் மாலையிலேயே போய்த்தானே ஆக வேண்டும்? அதற்குச் சென்னை ரவுட்டரில் ஷேப்பிங் (வேகக் கட்டுப்பாடு) வைக்க வேண்டும். வெளியே போகும் வேகத்தை 4.3 எம்பிபிஎஸ் அளவில் நீங்களே கட்டிவிடுங்கள். கொஞ்சம் வேகம் போகிறதே என்று தோன்றும், போகட்டும். அப்போதுதான் வரிசை மோடத்தில் சேராமல் உங்கள் ரவுட்டரில் சேரும். யார் முதலில் போவது என்று நீங்கள் சொல்லலாம். போன்களில் குரலுக்கு, பேக்கெட்டின் முன்னுரிமையைச் சொல்லும் டிஎஸ்சிபி 46 (இஎஃப்) குறியை வைத்து, அந்தக் குறிக்கு முதல் இடம் கொடுங்கள். ரவுட்டர் மென்பொருள்களான மைக்ரோடிக் ரவுட்டர்ஓஎஸ் 7, ஓபன்டபிள்யூஆர்டி இரண்டிலும் வரிசையை நிர்வகிக்கும் கேக் (CAKE) வசதி உண்டு. அது இந்தக் குறியைப் படிக்கும்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஓட்டங்களைத் தனித்தனியாகப் பிரித்து மாறி மாறி அனுப்பும் எஃப்க்யூ-கோடெல் மட்டும் போட்டால் போதும் என்பார்கள். உங்கள் குரலும் பேக்கப்பும் ஒரே விபிஎன் சுரங்கத்தில் போகின்றன. மறையாக்கம் முடிந்து வெளியே வரும்போது ரவுட்டரின் கண்ணுக்கு இரண்டும் ஒரே ஓட்டம், அது எதைப் பிரிக்கும்? அதனால் குறி வெளி உறைக்கும் நகலாகிறதா என்று பார்ப்பது அவசியம். ஐபிசெக்கில் பெரும்பாலும் தானாகவே நகலாகும். வேறொரு விபிஎன் முறையான வயர்கார்டு நகலெடுக்காது, அந்தப் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். கேபிள் நிறுவனம் உங்கள் குறியை மதிக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பொது இணையத்தில் அது செல்லாது. உங்கள் வாசல் வரைக்கும்தான் அதற்கு மரியாதை.

இணைய அழைப்புத் தகவலை ரவுட்டரே திருத்தும் வசதியான சிப் ஏஎல்ஜி-யை அணைக்கச் சொல்லி யாராவது வருவார்கள். உங்கள் அழைப்புகள் விபிஎன்னுக்குள் போவதால் அது இங்கே பொருந்தாது. பிபிஎக்ஸில் டைரக்ட் மீடியா (குரல் பிபிஎக்ஸ் வழியே போகாமல் போனுக்குப் போன் நேரே போவது) இயங்குகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சென்னையில் பக்கத்து மேசைக்காரர்கள் இருவர் பேசுவதும் திருப்பூர் வந்து திரும்பும்.

மாற்றங்களுக்குப் பிறகு திருப்பூரில், பேக்கெட்டுகளை ஆராயும் மென்பொருளான வயர்ஷார்க்கின் ஆர்டிபி (குரல் ஓட்டம்) அலசலில், சென்னையிலிருந்து வரும் குரலைப் பாருங்கள். இழப்பு 1 சதவீதத்துக்குள், ஜிட்டர் (பேக்கெட்டுகள் வரும் நேரத்தின் ஏற்ற இறக்கம்) 30 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் போதும். பேக்கப் எதுவும் ஓடாதபோதே இழப்பு அதைத் தாண்டினால், கோளாறு கேபிள் லைனிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. ரவுட்டரில் எதைத் திருகியும் அது சரியாகாது. குரலுக்கென்று வேறு நிறுவனத்தின் ஃபைபர் இணைப்பு ஒன்றைச் சென்னையில் எடுங்கள்.