நாளுக்கு 30 ஆயிரமா? கொன்ட்ராக்ட் வேலை பற்றிய கேள்விகளும் பதில்களும்

கன்சல்டன்சி, அதாவது இடையில் நின்று ஆட்களை வேலைக்குத் தரும் நிறுவனம், வழியாக வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் வேலை செய்கிறேன். இலங்கை மலையகத்துத் தம்பி தங்கச்சிமார் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஹட்டனிலிருந்து: அண்ணா, இப்போது மாதம் 3 இலட்சம் எடுக்கிறேன். கொன்ட்ராக்டில் நாளுக்கு 30,000 தருகிறார்களாம். போகலாமா?

30,000ஐ 22 நாளால் பெருக்கிப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கணக்கை விடுங்கள் தம்பி. சனி, ஞாயிறு போக வருடத்தில் மிஞ்சுவது 260 நாள் சொச்சம். போயா, பொங்கல், தீபாவளி, காய்ச்சல், ஒரு கொன்ட்ராக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும் வரை சும்மா இருக்கும் நாட்கள், எல்லாம் கழிந்து 220 தேறினாலே நல்லது. அப்படியானால் மாதத்துக்கு 5½ இலட்சம். இப்போது உங்களுக்காக முதலாளி ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) 12 வீதமும் ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் கட்டுகிறார். அது மட்டும் மாதம் 45,000. ஐந்து வருடம் முடித்தால் பணிக்கொடையும் உண்டு. கொன்ட்ராக்டில் இவை எதுவும் கிடையாது. அப்படியும் கொன்ட்ராக்ட்தான் கூடுதல். ஆறு மாதச் செலவுக்குக் காசு சேர்த்துவிட்டுப் போங்கள்.

நாவலப்பிட்டியிலிருந்து: கன்சல்டன்சிக்காரர்கள் எனக்குத் தருவதைப்போல இரண்டு மடங்கை என் பெயரில் வாடிக்கையாளரிடம் வாங்குகிறார்கள் என்று தெரிந்தது. இது அநியாயம் இல்லையா அண்ணா?

கோபம் வரத்தான் செய்யும் தங்கச்சி. தேயிலைத் தோட்டத்தில் தன் ஆட்கள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் கங்காணி தலைக்காசு வாங்கிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

ஆனாலும் அந்த வித்தியாசத்தில் ஒரு பங்குக்குக் காரணம் இருக்கிறது. பெரிய நிறுவனங்களில் நிரந்தரமாக ஒருவரை எடுக்க மேலிடத்து அனுமதி வேண்டும்; புரொஜெக்ட் பணத்தில் ஆள் எடுப்பது சுலபம். அதையும் தங்கள் பதிவில் இருக்கும் கன்சல்டன்சிகளிடம்தான் எடுப்பார்கள். வாடிக்கையாளரின் பணம் வர 60 நாள் ஆனாலும் நல்ல கன்சல்டன்சி உங்களுக்கு மாத முடிவில் தந்துவிடும். காப்புறுதியும் அவர்கள் பொறுப்பு.

இடையில் எடுப்பதைவிட அதை மறைப்பதுதான் எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது. எவ்வளவு எடுக்கிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள். சொல்லாவிட்டால் கொன்ட்ராக்ட் புதுப்பிக்கும் நேரம் வரட்டும். வேலை பாதிதான் முடிந்திருக்கும்போது உங்களை மாற்ற வாடிக்கையாளர் விரும்பமாட்டார். கூட்டிக் கேட்க அதைவிட நல்ல நேரம் இல்லை.

தலவாக்கலையிலிருந்து: மழைக்குக் கரண்ட் போனால், தோட்டத்தில் போல அரைப் பேர்தானா (அரை நாள் சம்பளம்)?

வேலை செய்த நாட்களைக் குறித்துக் கொடுக்கும் டைம்ஷீட்டில் 0.5 போட்டால் அரை நாள் காசுதான். விட்ட மணித்தியாலங்களை இரவில் செய்து முழு நாளாகப் போடலாமா என்று வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பதுளையிலிருந்து: வரி எப்படி?

வெளிநாட்டு வாடிக்கையாளர் வெளிநாட்டு நாணயத்தில் நேராக உங்கள் வங்கிக்கு அனுப்பினால் 2025 ஏப்ரல் முதல் உச்ச வரி 15 வீதம். உள்ளூர் கன்சல்டன்சி ரூபாயில் தந்தால் வழமையான வரிதான், 36 வீதம் வரை போகும். இரண்டிலும் வருடம் 18 இலட்சம் வரை விலக்கு உண்டு.

பண்டாரவளையிலிருந்து: "வாடிக்கையாளர் பணம் கட்டிய பிறகே உமக்குத் தரப்படும்" என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. கையெழுத்து வைக்கலாமா?

வைக்காதீர்கள். பணம் பிந்தும் அபாயத்தைத் தாங்கத்தானே அவர்கள் பங்கு எடுக்கிறார்கள்? அதையும் உங்கள் தலையில் கட்டிவிட்டு இடையில் எடுப்பது எந்த வகை நியாயம்? "இன்வொய்ஸ் கொடுத்து 30 நாளுக்குள்" என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். மறுத்தால், நாளுக்கு எவ்வளவு காட்டினாலும் அந்த இடம் வேண்டாம்.