பட்டறை பதில்கள்: அமைச்சர் விமானம் ஏறினால் அம்பத்தூருக்கு என்ன வரும்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. முதலீடு கொண்டுவர அமைச்சர்கள் வெளிநாடு போகிறார்களே, அதனால் யாருக்கு என்ன லாபம் என்று. ஜிஎஸ்டி, வங்கிக் கடன் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த இதழில் எழுதுகிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அம்பத்தூர் எஸ்டேட்டில் 31 வருஷம் லேத் (இரும்பு கடையும் மெஷின்) பட்டறை நடத்தியவள் நான். என் வீட்டுக்காரர் தொடங்கினார். அவர் போன பிறகு நான் பார்த்துக்கொண்டேன். இப்போது மகன் பார்க்கிறான்.

"அம்மா, எந்த ஆட்சி வந்தாலும் முதல்வரும் தொழில் அமைச்சரும் ஒரு கூட்டத்தோடு வெளிநாடு போகிறார்கள். இந்தக் காலத்தில் வீடியோவில் பேசினால் ஆகாதா? மக்கள் பணத்தில் ஊர் சுற்றுவதாகத்தான் எனக்குப் படுகிறது."
*ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்*

ஐயா, நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு மாறியது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில், ஒரு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது.

சில வருஷங்களுக்கு முன்னால் நடந்தது. ஒரு ஜெர்மன் கம்பெனிக்கு இரண்டு வருஷத்தில் நான்கு மெயில் அனுப்பியிருந்தேன். எங்கள் கன்மெட்டல் புஷ்ஷின் (மெஷின் தண்டைச் சுற்றிப் போடும் வெண்கல வளையம்) படம், அளவு, விலை எல்லாம் போட்டு. ஒரு பதிலும் இல்லை. அப்புறம் நம் மாநில அமைச்சர் தலைமையில் ஒரு குழு போனது. அதில் சிறுதொழில்காரர்கள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டார்கள், நானும் ஒருத்தி. அமைச்சர் வருகிறார் என்று அழைப்பு போனதும், எனக்குப் பதிலே எழுதாத அதே கம்பெனியின் கொள்முதல் மேலாளர் நேரில் வந்து உட்கார்ந்தார். ஆளுக்குப் பதினைந்து நிமிஷம்.

கைப்பையில் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி ஒரு புஷ் வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். அவர் கோட்டுப் பையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்து மூன்று இடத்தில் அளந்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கட்டைவிரல் நகத்தை உள்விளிம்பில் வைத்து மெதுவாக ஒரு சுற்று ஓட்டினார். பிசிறு இருக்கிறதா என்று பார்க்கிறார். என் பட்டறையில் முருகன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து நான் தினமும் செய்கிற அதே வேலை. அந்த நகம் ஒரு சுற்று போய் நிற்கும் வரை எனக்கு மூச்சு வரவில்லை. பிறகு அவர் கேட்ட ஒரே கேள்வி, "ஒரு நாள் சரக்கு வரவில்லை என்றால் நான் யாருக்கு போன் செய்ய வேண்டும்?" எண்ணெய்க் காகிதத்தின் ஓரத்தைக் கிழித்து என் செல் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

அந்த நகத்துக்கு வீடியோவில் என்ன வேலை ஐயா? பெண் பார்க்கப் போகிறவர்கள் போட்டோவைப் பார்த்து நிச்சயம் பண்ணிவிடுவதில்லை. என்னுடையது சின்ன புஷ். ஆயிரம் கோடியை ஓர் ஊரில் கொட்டி முப்பது வருஷம் அங்கேயே கிடக்கப் போகிற கம்பெனி, அந்த ஊர்க்காரரின் முகத்தைப் பார்க்காமல் முடிவெடுக்குமா? 1996-இல் ஹூண்டாய் இங்கே கால் வைத்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் வந்தது. அந்த ஒரு ஆலைக்குப் பின்னால் எத்தனை கொரியக் கம்பெனிகள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வந்து இறங்கின என்று அந்த ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியும்.

ஆனால் என் கதையில் மீதியையும் சொல்ல வேண்டும். முதலில் 500 பீஸ் கேட்டார்கள், அனுப்பினோம். பிடித்துப்போய் மாதம் 4,000 கேட்டார்கள். அதற்கு இன்னொரு சிஎன்சி மெஷின் (கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷின்) போட வேண்டும், கூடுதல் மின்சார லோடு வேண்டும். மனு போட்டேன். ஒவ்வொரு முறை போகும்போதும் புதிதாக ஒரு காகிதம் கேட்டார்கள். இணைப்பு வர ஒன்பது மாதம் ஆனது. நடுவில் அந்த ஜெர்மன்காரர் நான் எழுதிக் கொடுத்த நம்பருக்கு இரண்டு தடவை கூப்பிட்டார். "எப்போது?" என்றுதான் கேட்டார். இரண்டாவது தடவையும் அவரிடம் சொல்ல என்னிடம் ஒரு தேதி இல்லை. அவர் வேறு நாட்டில் வாங்கிக்கொண்டார்.

அமைச்சர் போனதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் போகாவிட்டால் அந்தக் கதவே திறந்திருக்காது. திரும்பி வந்த பிறகு எங்கள் ஏழெட்டுப் பேரை உட்கார வைத்து, "யாருக்கு என்ன ஆர்டர் வந்தது, எது எங்கே நிற்கிறது?" என்று ஒருவரும் கேட்கவில்லை. என் ஆர்டர் போனது அங்கேதான்.

"15,516 கோடி ரூபாய் முதலீடு என்று படித்தேன். அந்தப் பணம் இப்போது எங்கே இருக்கிறது? புரிந்துணர்வு ஒப்பந்தம் என்றால் கம்பெனி கட்டாயம் வந்தே ஆக வேண்டுமா?"
*கல்லூரி மாணவி, திருவொற்றியூர்*

நல்ல கேள்விம்மா. நீ சொல்வது 2025 ஆகஸ்ட், செப்டம்பரில் மு.க. ஸ்டாலின் ஜெர்மனி, பிரிட்டன் போய் வந்தபோது சொன்ன கணக்கு. 33 ஒப்பந்தம் என்றார்கள். 2024-இல் அவருடைய அமெரிக்கப் பயணத்துக்கு 7,618 கோடி. 2019-இல் எடப்பாடி பழனிசாமி பிரிட்டன், அமெரிக்கா, துபாய் போய் வந்ததற்கு 8,835 கோடி. சென்னையிலேயே நடந்த உலக முதலீட்டாளர் மாநாடுகளுக்கும் இதேபோல் தொகை உண்டு: 2015-இல் ஜெயலலிதா நடத்தியதில் 2.42 லட்சம் கோடி, 2024 ஜனவரியில் நந்தம்பாக்கத்தில் நடந்ததில் 6.64 லட்சம் கோடி.

இதில் ஒரு ரூபாய்கூட அரசு கஜானாவுக்கு வரும் பணம் இல்லை. "இத்தனை வருஷத்தில் இவ்வளவு செலவழித்து ஆலை கட்டுவோம்" என்று கம்பெனி சொல்லும் தொகை அது. புரிந்துணர்வு ஒப்பந்தம் சட்டப்படி யாரையும் கட்டாது. கம்பெனி மனம் மாறினால் கோர்ட்டுக்குப் போக முடியாது. அதற்காக வெறும் காகிதம் என்று தள்ளிவிடாதே. ஒப்பந்தம் இருந்தால்தான் அரசில் அந்தக் கம்பெனியின் பெயரில் ஒரு கோப்பு திறக்கும், ஓர் அதிகாரி பொறுப்பாவார். பிறகுதான் பெரிய வேலை: தொழிற்பேட்டை அமைக்கும் அரசு நிறுவனமான சிப்காட்டில் இடம் (பெரும்பாலும் 99 வருஷக் குத்தகை), கட்டட வரைபட ஒப்புதல், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் ஆலை நிறுவ ஓர் இசைவு, அதை இயக்க இன்னோர் இசைவு, தொழிற்சாலை உரிமம், தண்ணீர், மின்சாரம். ஒவ்வொன்றிலும் என் லோடு மனு மாதிரி ஒன்று மாட்டிக்கொள்ள இடம் இருக்கிறது.

வேகமாக நடந்ததும் உண்டு. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2024 ஜனவரியில் கையெழுத்துப் போட்டது, அடுத்த மாதமே தூத்துக்குடியில் அடிக்கல், 2025 ஆகஸ்ட் 4-இல் ஆலை திறப்பு. மெதுவாக நகர்வதும் உண்டு. ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலை நகரிலிருந்து கடைசி கார் வெளியே வந்தது. 2024 செப்டம்பரில் ஸ்டாலின் சிகாகோவில் அவர்களைப் பார்த்துப் பேசினார். அதே வாரம், ஆலையை ஏற்றுமதிக்காகத் திரும்பவும் பயன்படுத்துவதாக அரசுக்கு விருப்பக் கடிதம் கொடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்து, 2025 அக்டோபர் கடைசியில், எஞ்சின் தயாரிக்க 3,250 கோடிக்கு ஒப்பந்தம். உற்பத்தி 2029-இல் என்பது திட்டம். சிகாகோ பேச்சுக்கும் முதல் எஞ்சினுக்கும் நடுவில் ஐந்து வருஷம். அந்த ஐந்து வருஷமும் யாராவது ஒருவர் விடாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

வந்த ஆலையையும் காப்பாற்ற வேண்டும்மா. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா போன் வரத் தொடங்கியபோது ஊரே கொண்டாடியது. வரித் தகராறும், கம்பெனி கைமாறியதும் சேர்ந்து 2014 நவம்பர் 1-ஆம் தேதி அந்த ஆலை நின்றது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். அதே இடத்தைப் பிறகு போன் சார்ஜர் செய்யும் சால்காம்ப் கம்பெனி வாங்கி, திரும்ப ஆள் எடுத்தது.

உண்மையில் எவ்வளவு முதலீடு வந்தது என்று, எதிர்க்கட்சியில் இருந்தபோது ஸ்டாலினும் வெள்ளை அறிக்கை கேட்டார், பழனிசாமியும் கேட்டார். யார் கேட்டாலும் அது நியாயமான கேள்வி. நான் கேட்பது அதைவிடச் சின்னது. ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் எதிரே மூன்று தேதி: இடம் கொடுத்த தேதி, கட்டடம் தொடங்கிய தேதி, முதல் ஷிஃப்ட் ஓடிய தேதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை வெளியிட்டால் போதும். நீ படிக்கிற பெண், அடுத்த முறை கோடிக் கணக்கைப் பார்த்தால் தேதியைத் தேடு.

"கூடப் போகிறவர்களுக்கும் அரசுதான் செலவு செய்கிறதா?"
*வாசகர், மயிலாப்பூர்*

அமைச்சருக்கும் அதிகாரிகளுக்கும் அரசு செலவு. ஒன்றிய வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதியும் அவர்களுக்கு வேண்டும். எங்களைப் போன்ற தொழில்காரர்கள் சொந்தக் காசில்தான் போனோம். நான் இரண்டு வளையலை அடகு வைத்து டிக்கெட் எடுத்தேன். குறிப்பிட்ட ஒரு பயணத்தின் செலவு தெரிய வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனு போடுங்கள்.

"அக்கா, வெளிநாட்டுக் கம்பெனி வரும்போது பாகம் செய்து கொடுக்கும் வெண்டாரையும் கூடவே கூட்டி வருகிறான். எங்களைப் போல நாலு லேத் வைத்திருப்பவனுக்கு இதில் என்ன இருக்கிறது?"
*பட்டறை நடத்துபவர், திருமுடிவாக்கம்*

தம்பி, நீ சொல்வது உண்மை. காரின் முக்கியமான பாகங்கள் அவர்களுடைய பழைய வெண்டார்களிடம்தான் போகும். அதை எதிர்பார்த்து உட்காராதே. ஆனால் அந்த வெண்டாருக்கும் வேலை செய்யும்போது பாகத்தை அசையாமல் பிடிக்க ஜிக் வேண்டும், ஃபிக்சர் வேண்டும், டிராலி, ஸ்டாண்டு, தேய்ந்துபோன ஷாஃப்டுக்கு (சுழலும் தண்டு) நாளைக்குள் மாற்று வேண்டும். அதற்கு அவன் கொரியாவுக்கோ ஜப்பானுக்கோ எழுத மாட்டான், பக்கத்தில் தேடுவான். எங்கள் பட்டறை ஆறு வருஷம் ஓடியதே மெயின்டனன்ஸ் வேலையில்தான். ராத்திரி பதினோரு மணிக்கு ஷாஃப்டோடு ஆள் வந்து நிற்பான். விடிவதற்குள் கடைந்து கொடுப்போம். நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான் நம் பலம்.

இன்னொரு விஷயம், பணம். உத்யம் பதிவு, அதாவது ஒன்றிய அரசின் சிறுதொழில் பதிவு, இருக்கிறதா உன்னிடம்? இல்லையென்றால் முதலில் அதைப் பண்ணு, கட்டணம் கிடையாது. 2006-ஆம் வருஷச் சட்டப்படி, உன்னைப் போன்ற குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கியவர் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். மீறினால் வட்டியோடு கேட்கலாம், மாவட்டத் தொழில் மையம் வழியாக, இந்தப் பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்க மன்றத்துக்குப் போகலாம். கெடுவுக்குள் கொடுக்காத தொகையை அந்த வருஷத்தில் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்திலும் இப்போது சேர்த்துவிட்டார்கள். பெரிய கம்பெனிகளின் கணக்குப் பிரிவு இதற்குத்தான் பயப்படுகிறது. பில்லில் உத்யம் எண்ணைப் பெரிதாக அச்சடி.

அடுத்த பயணத்துக்கு முன் நம்மைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டால் நான் சொல்லப்போவது ஒன்றுதான். கையெழுத்து வாங்கும்போதே, "இந்த ஊரில் என்னென்ன வாங்குவீர்கள்?" என்று ஒரு பட்டியல் கேளுங்கள். அந்தப் பட்டியலை அம்பத்தூர், கிண்டி, திருமுடிவாக்கம் எஸ்டேட் சங்கங்களின் போர்டில் ஒட்டுங்கள். எந்தப் பொருளை நம்மால் செய்ய முடியும், எதற்கு என்ன மெஷின் வேண்டும் என்று ஆலை எழும்புவதற்குள் நாம் தயாராகிவிடுவோம். பதினைந்து நிமிஷ மேஜையில் கிடைத்த ஆர்டரை நான் விட்டது தயாராக நேரமில்லாமல்தான் தம்பி.

"என் மகள் டிப்ளமோ முடித்துவிட்டாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை, விடுதியில் தங்க வேண்டும் என்கிறார்கள். அனுப்பப் பயமாக இருக்கிறது."
*தாய், ஊத்துக்கோட்டை*

அனுப்புங்கம்மா. ஆனால் கேட்டுவிட்டு அனுப்புங்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டில் பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போய், அவர்களுடைய தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்ததால்தான் விடுதியும் முதலீட்டுப் பேச்சில் ஒரு விஷயம் ஆனது என்று நான் நினைக்கிறேன். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய விடுதியைத் திறந்தார்கள், 18,720 பேர் தங்கலாம்.

வேலை நியமனக் கடிதம் கம்பெனி பெயரிலா, கான்ட்ராக்டர் பெயரிலா என்று பாருங்கள். சேர்ந்த தேதி அதில் இருக்க வேண்டும். பி.எஃப். எண்ணும் இ.எஸ்.ஐ. அட்டையும் முதல் மாதத்திலேயே கேட்கச் சொல்லுங்கள். சம்பளம் 21,000-க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு, அவள் பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய். விடுதி, சாப்பாடு, பஸ்ஸுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நீங்களே ஒருநாள் போய் அந்தச் சமையலறையைப் பார்த்துவிட்டு வாருங்கள், வெளியே நிற்க வைத்தால் யோசியுங்கள். முதல் மாதச் சம்பளச் சீட்டு வந்ததும் ஒரு நகலை இந்தப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். பிடித்தம் சரியா என்று நான் பார்த்து உங்களுக்கு எழுதுகிறேன்.