மழைக்காட்டில் இரண்டு இரவுகள்: எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

கேள்வி: பள்ளி விடுமுறையில் கணவருடனும் பதின்ம வயதுப் பிள்ளைகள் இருவருடனும் கிழக்கு மலேசியாவின் சபா மாநிலத்தின் மழைக்காட்டுக்குச் செல்ல விரும்புகிறேன். ஒரு பயண முகவர் மூன்று நாள், இரண்டு இரவு கொண்ட தொகுப்பில் தனும் பள்ளத்தாக்கில் ஓரிரவு, கினாபாத்தாங்கான் ஆற்றங்கரையில் ஓரிரவு என இரண்டு இடங்களையும் சேர்த்துத் தருகிறார். ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்குவதைவிட விலை சற்றுக் கூடுதல்தான். ஆனாலும் இரண்டையும் பார்த்துவிடலாம் என்கிறார். வாங்கலாமா?
– வாசகி, கிள்ளான்

பதில்: வாங்க வேண்டாம். அந்தத் தொகுப்பில் நீங்கள் அதிக விலை கொடுத்து வாங்குவது காட்டை அன்று, வாகனப் பயணத்தை. லஹாட் டத்து நகரிலிருந்து தனுமின் தங்குவிடுதிக்கு, பெரும்பகுதி செம்மண்ணும் சரளையுமான பாதையில், ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும். மறுநாள் அதே பாதையில் இறங்கி, அங்கிருந்து கினாபாத்தாங்கான் கரையிலுள்ள சுக்காவ் கிராமத்துக்கு மேலும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போக வேண்டும். விளம்பரத் தாளில் ‘இரண்டாம் நாள்’ என்று அச்சிட்டிருக்கும் அந்த நாளின் பாதி சாலையிலேயே கழிந்துவிடும்.

இப்படிப்பட்ட தொகுப்புகளை நாள் கணக்கில் எடைபோடாமல், எத்தனை விடியல்கள் கிடைக்கின்றன, எத்தனை மாலைகள் கிடைக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். மழைக்காட்டில் கிப்பன் குரங்குகள் குரல் கொடுப்பதும், இருவாட்சிகள் மரமுகட்டின்மேல் பறந்து கடப்பதும், ஓராங் ஊத்தான்கள் இரவுக் கூட்டை விட்டு இரை தேடப் புறப்படுவதும் விடிந்த முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் நடக்கின்றன. நண்பகலில் வெப்பம் ஏறியபின் காடு அடங்கிவிடும். பொழுது சாய்வதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில்தான் மீண்டும் நடமாட்டம் கூடும். ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்கினால் உங்களுக்கு இரண்டு விடியல்களும் இரண்டு மாலைகளும், அவற்றுக்கிடையே காலை முதல் இரவு வரை இடையறாத ஒரு முழு நாளும் கிடைக்கும். முகவர் சொல்லும் தொகுப்பில் ஒவ்வோர் இடத்திலும் ஒரே ஒரு விடியல்தான் உண்டு. அதுவும் பெட்டி கட்டும் அவசரத்தில் கரைந்துபோகும்.

தீபகற்ப மலேசியாவிலிருந்து போகிறவர்கள் பலர் கவனிக்கத் தவறும் ஒன்று இருக்கிறது. நாடு முழுவதும் ஒரே நேரத்தைப் பின்பற்றினாலும், கிழக்குச் சபாவில் கோலாலம்பூரைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாகவே பொழுது விடிகிறது. அதேபோல் முன்னதாகவே இருட்டுகிறது. அங்கே காலை ஆறு மணியளவில் வெளிச்சம் பரவிவிடும். மாலை ஆறு, ஆறே கால் மணியளவில் சூரியன் மறைந்துவிடும். கிள்ளானில் ஏழரை மணிக்குப் பசியாறிப் பழகிய குடும்பம் அதே பழக்கத்தில் எழுந்தால், கொடுத்த பணத்தின் சிறந்த பகுதியை உறக்கத்தில் இழந்துவிடும். ஐந்து மணிக்கே எழுந்து, வெறும் காப்பியோடு புறப்பட்டு, திரும்பி வந்து பசியாறும் வகையில் நிரல் அமைத்துத் தருவார்களா என்று முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள்.

இனி, இரண்டில் எது என்பது. தனும் பாதுகாப்புப் பகுதி 438 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, பெரும்பாலும் கோடரி படாத தாழ்நிலக் காடு. உலகின் மிக உயரமான வெப்பமண்டல மரம் என்று அறியப்பட்ட, 100.8 மீட்டர் உயரமுள்ள மஞ்சள் மெராந்தி மரம் 2019இல் அளக்கப்பட்டது அங்கேதான். ஆனால் அடர்ந்த காட்டில் விலங்கைக் காண்பது எளிதன்று. நடக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். கினாபாத்தாங்கானில் படகில் அமர்ந்தபடியே நீள்மூக்குக் குரங்குகளையும், வாய்ப்பிருந்தால் போர்னியோ யானைகளையும் காணலாம். அவை அங்கே அவ்வளவு எளிதாகக் கண்ணில் படுவதற்கு ஒரு காரணம், ஆற்றின் இருபுறமும் செம்பனைத் தோட்டங்கள் நெருக்க, எஞ்சிய காடு கரையோரத்தில் குறுகிய பட்டையாகச் சுருங்கிவிட்டதுதான். இதை அறிந்து பார்ப்பது வேதனை தரும். ஆயினும் அறிந்து பார்ப்பதே சரி. நடக்கத் தயங்காத பதின்ம வயதினர் உடன் இருப்பதால் உங்களுக்குத் தனுமையே பரிந்துரைக்கிறேன். முதியவர்கள் உடன் வருவதாக இருந்தால் தயக்கமின்றி ஆற்றங்கரையைச் சொல்லியிருப்பேன்.

காலை விமானத்தில் போய் அன்றே காட்டுக்குள் நுழையத் திட்டமிடாதீர்கள். விமானம் ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் விமானக் கட்டணத்தைத் திரும்பக் கேட்க நம் நாட்டுப் பயணிகளுக்கு உரிமை உண்டு; ஆனால் தவறிப்போன விடுதி இரவுக்கு அந்த உரிமை ஈடாகாது. முந்தைய இரவை லஹாட் டத்துவில் எளிய விடுதி ஒன்றில் கழிப்பது, முழுத் தொகுப்பையும் காக்கும் சிறு செலவு. குடிநுழைவுச் சோதனைக்கு மைகார்டும், பிள்ளைகளின் அடையாள ஆவணங்களும் தேவைப்படும். சைவ உணவு உண்பவர்கள் அதை முன்பதிவின்போதே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காட்டுக்குள் வேறு கடை கிடையாது.

கேள்வி: திருமண ஆண்டு நிறைவுக்கு நானும் மனைவியும் மழைக்காட்டு விடுதியொன்றில் இரண்டு இரவு தங்க இருக்கிறோம். சாதாரண அறைக்கும், ஆற்றை நோக்கிய முகப்பும் வெந்நீர்த் தொட்டியும் உள்ள உயர்தர அறைக்கும் விலையில் பெரிய வேறுபாடு இருக்கிறது. ஒரு முறைதான் போகப்போகிறோம் என்பதால் உயர்தர அறையையே எடுக்கலாமா?
– வாசகர், ஈப்போ

பதில்: அதே பணத்துக்கு இன்னோர் இரவு கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கிடைக்காவிட்டால், தனி வழிகாட்டி கிடைப்பாரா என்று கேளுங்கள். அதன் பிறகும் பணம் மிஞ்சினால் அறையைப் பற்றி யோசிக்கலாம். விடியலுக்கு முன் புறப்பட்டு, இரவு நடை முடிந்து ஒன்பது மணியளவில் திரும்பும் விருந்தினர் அறையில் விழித்திருக்கும் நேரம் மிகக் குறைவு. நண்பகல் ஓய்வுக்கு முகப்பு உதவும் என்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலான விடுதிகளில் பொதுக்கூடத்தின் திறந்த திண்ணையிலிருந்தே ஆற்றைப் பார்க்க முடியும்.

காட்டில் உங்கள் கண் காண்பதற்கும் வழிகாட்டியின் கண் காண்பதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. அத்தி மரம் ஒன்று எங்கே பழுத்திருக்கிறது என்பது அவருக்கு நேற்றே தெரியும். அங்கே காத்திருந்தால் இருவாட்சியும் குரங்கும் வந்தே தீரும் என்பதும் தெரியும். இலைச் சருகின் நிறத்தில் உறைந்து நிற்கும் சருகுமானையோ, இரவில் விளக்கொளியில் ஒரு கணம் மின்னும் தேவாங்கின் கண்ணையோ பழகாதவர் கடந்து போய்விடுவார். எனவே ஒரு வழிகாட்டிக்கு எத்தனை விருந்தினர் என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. நான்கு பேருக்கு ஒருவர் என்றால் நல்லது. எட்டுப் பத்துப் பேர் வரிசையாக நடக்கும்போது, முன்னால் நிற்பவர் கண்ட விலங்கு பின்னால் நிற்பவர் வந்து சேர்வதற்குள் மறைந்திருக்கும். மூன்று நாளும் ஒரே வழிகாட்டி வருவாரா என்பதையும் கேளுங்கள். உங்கள் நடை வேகமும் விருப்பமும் அவருக்குப் பழகிவிட்டால் இரண்டாம் நாள் முதல் நாளைவிடப் பல மடங்கு பயன் தரும். இயற்கை வழிகாட்டிகளுக்கு நம் நாட்டில் பச்சை பேட்ஜ் உரிமம் உண்டு. அதைக் கேட்பது அவமதிப்பாகாது.

தொகுப்பில் எவை அடங்கும் என்பதை வரி வரியாகப் பாருங்கள். இரவு வாகன உலா, இரவு நடை, மரமுகட்டு நடைபாலம், இரத்தம் உறிஞ்சும் அட்டை ஏறாமல் காக்கும் காலுறை ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம் வாங்கும் விடுதிகளும் உண்டு. தனுமின் விடுதியிலுள்ள நடைபாலம் 300 மீட்டர் நீளமும், தரையிலிருந்து ஏறத்தாழ 27 மீட்டர் உயரமும் கொண்டது. அத்தகைய பாலத்துக்கு எல்லாரையும் காலை பத்து மணிக்கு அழைத்துப்போவது வழக்கமாக இருந்தால், உங்களை விடிகாலையில் அனுமதிப்பார்களா என்று கேளுங்கள். பனிமூட்டம் விலகும் வேளையில் மரமுகட்டில் நிற்கக் கிடைக்கும் ஒரு மணி நேரம், என் மதிப்பில், உயர்தர அறையின் விலை வேறுபாட்டைவிட மேலானது.

மலேசியருக்குக் குறைந்த கட்டணம் வைத்திருக்கும் விடுதிகள் பல. கேட்காமல் அதை யாரும் சொல்லமாட்டார்கள். ஓர் இரவுக்கு ஓர் அறைக்கு 10 ரிங்கிட் என்னும் சுற்றுலா வரி வெளிநாட்டினருக்கு மட்டுமே உரியது. உங்கள் கட்டணச் சீட்டில் அது இருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ‘ஓராங் ஊத்தான் காண்பது உறுதி’ என்று விளம்பரப்படுத்திய தொகுப்பை வாங்கிச் சென்றோம். மூன்று நாளில் ஒன்றையும் காணவில்லை. சொன்னபடி இரவு உலாவும் நடக்கவில்லை. வாகனம் பழுது என்றார்கள். பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?
– வாசகர், சிரம்பான்

பதில்: உங்கள் குறைகள் இரண்டையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். இரவு உலா என்பது நீங்கள் விலை கொடுத்த சேவை. மழை, வெள்ளம், மண்சரிவு போன்ற காரணத்தால் அது நின்றிருந்தால் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைப் பார்க்க வேண்டியிருக்கும். வாகனப் பழுது அவர்கள் பொறுப்பில் உள்ள விஷயம். மாற்று ஏற்பாடு எதுவும் செய்யாமல் விட்டிருந்தால் அந்தப் பகுதிக்குரிய தொகையைக் கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு.

ஓராங் ஊத்தானைக் காணாதது மட்டும் இழப்பு ஆகாது. காட்டு விலங்கு யாருடைய நிரலுக்கும் கட்டுப்பட்டதன்று. ஆனால் ‘உறுதி’ என்று எழுதியது வேறு செய்தி. சேவையைப் பற்றிப் பயனீட்டாளரைத் தவறாக வழிநடத்தும் கூற்றை 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. விளம்பரத் தாள், வாட்ஸ்அப் உரையாடல், பணம் செலுத்திய பற்றுச்சீட்டு ஆகியவற்றைத் திரட்டி, முதலில் நிறுவனத்துக்குக் காலக்கெடு குறித்து எழுத்தில் கோரிக்கை அனுப்புங்கள். பதில் வராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை அணுகலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும், வழக்கறிஞர் தேவையில்லை, சம்பவம் நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். சுற்றுலா நிறுவனம் உரிமம் பெற்றதா என்பதைச் சுற்றுலா அமைச்சிடம் சரிபார்த்து, இல்லையென்றால் அதையும் புகாராகக் கொடுங்கள்.

இனிமேல் வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். காட்டு விலங்கை உறுதியளிக்கும் நிறுவனம் பொய் சொல்கிறது, அல்லது விலங்குக்கு இரை வைத்து வரவழைக்கிறது. இரண்டுமே விலகிப் போக வேண்டிய காரணங்கள். பிள்ளைகள் ஓராங் ஊத்தானைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் சண்டாக்கானுக்கு அருகிலுள்ள செப்பிலோக் மறுவாழ்வு மையத்தைப் பயணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அநாதையான குட்டிகளைக் காட்டு வாழ்வுக்குப் பழக்க 1964இல் தொடங்கப்பட்ட மையம் அது. உணவு மேடையில் அவை வரும் வாய்ப்பு மிகுதி. பருவத்தில் காட்டில் பழம் நிறைந்திருந்தால் அங்கும் ஒன்றும் வராமல் போகலாம். அது அவற்றுக்கு நல்ல செய்தி.

கேள்வி: மழைக்காட்டுப் பயணத்துக்கு என்ன வாங்க வேண்டும்? கடையில் 10×25 என்று குறித்த சிறிய தொலைநோக்கியைக் காட்டினார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் என்பதால் அதுவே போதுமா?
– வாசகி, ஜொகூர் பாரு

பதில்: காட்டுக்கு அது பொருந்தாது. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதையும், இரண்டாம் எண் முன்பக்க ஆடியின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கிடைப்பது, கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம். 10×25இல் அது 2.5 மில்லிமீட்டர், 8×42இல் 5 மில்லிமீட்டருக்கும் மேல். மரநிழலில், விடிகாலையில், உங்கள் கண்மணி விரிந்திருக்கும்போது முன்னதில் எல்லாம் கறுப்பாகவே தெரியும். எட்டு மடங்குக் கருவியில் கைநடுக்கமும் குறைவாகத் தெரியும். பார்வைப்பரப்பும் பெரும்பாலும் அகலம். நீர் புகாத 8×42 ஒன்று வாங்குங்கள். வாங்க வசதியில்லையென்றால் விடுதியில் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். அதுவும் நல்ல வழியே.

அட்டைக் காலுறை முழங்கால்வரை வரும் நெருக்கமான நெசவுத் துணியாக இருக்க வேண்டும். சாதாரணக் காலுறையின் இழைகளுக்கிடையே அட்டை நுழைந்துவிடும். கடித்த இடத்தில் இரத்தம் உறையாமல் சிறிது நேரம் கசிவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஆனால் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை உண்பவர்கள் முன்பே மருத்துவரைக் கேட்க வேண்டும். திறந்த புண்ணோடு ஓடையிலோ ஆற்றிலோ இறங்காதீர்கள். 2000இல் சபாவில் நடந்த சாகசப் போட்டியில், தனுமை ஒட்டி ஓடும் செகாமா ஆற்றில் நீந்தியவர்கள் பலருக்கு எலிக்காய்ச்சல் கண்டது. குரங்குகளிடமிருந்து கொசு வழியாகப் பரவும் மலேரியாவும் சபாக் காடுகளில் உண்டு. ஆகவே கொசு விரட்டியும் நீளக் கைச் சட்டையும் பட்டியலில் முதலில் வரட்டும். திரும்பி வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், காட்டுக்குப் போய் வந்ததை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், அவர் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள்.