லேசர் டையோடுக்கு நாமளே கடையிற அலுமினிய ஹீட்சிங்க்: கேள்வி பதில்

மரத்துல பேர் பொறிக்க, கீ டேக் வெட்டன்னு நம்ம மலையகப் பக்கம் 5 வாட் நீல லேசர் வாங்கினவங்க, ஹீட்சிங்க்கை, அதாவது லேசரோட சூட்டை வாங்கி காத்துல விடுற அலுமினியக் கட்டியை, லேத்ல (கடைசல் மிஷின்ல) நாமளே கடைஞ்சிக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. எல்லாருக்கும் இங்கயே பதில் சொல்றேன். கணக்கெல்லாம் 12 மில்லிமீட்டர் விட்டம் உள்ள உருளை மொடியூலுக்கு, வெளிச்சம் தர்ற டையோட் இதுக்குள்ளதான் இருக்கும், ஹீட்சிங்க் ஓட்டையில மாட்டுறதும் இதைத்தான்.

ஹட்டன்லருந்து: அண்ணே, எவ்வளவு பெருசா செய்யணும்?

5 வாட் வெளிச்சம் வர்ற டையோடுக்குள்ள சுமாரா 15 வாட் கரண்ட் போகுது தம்பி, மிச்சம் 10 வாட் சூடாத்தான் வெளிய வரும். பேன் இல்லாம, சுத்தி இருக்கிற காத்தை விட 25 பாகைக்கு மேல ஏறாம வெச்சிக்கணும்னா செட்டை (ஹீட்சிங்க்கைச் சுத்தி நீட்டிக்கிட்டு இருக்கிற மெல்லிசான தகடுங்க) எல்லாத்தையும் சேத்து 400 சதுர சென்டிமீட்டர் பரப்பு வேணும், செட்டைக்கு நடுவுல 6, 7 மில்லிமீட்டர் இடைவெளி விடணும், அப்பத்தான் சூடான காத்து தானா மேல ஏறும். சின்ன பேன் ஒண்ணு போட்டா 150 போதும், இடைவெளியும் 2, 3 மில்லிமீட்டர் ஆனா பரவாயில்ல. பேன் போடுங்க, அதுதான் என் அபிப்பிராயம்.

பதுளையிலருந்து: நல்ல பெரிய ஹீட்சிங்க் தான் போட்டேன், தொட்டா ஜில்லுன்னு இருக்கு, ஆனா அஞ்சு நிமிஷத்துல லேசர் மங்கிருது. டையோட் போலியா?

ஜில்லுன்னு இருக்குறதுதான் பிரச்சினையே. சூடு ஹீட்சிங்க்குக்கு வந்தே சேரல, உள்ளயே நிக்குது. நீல டையோட் சூடானா அதே கரண்டுக்கு வெளிச்சம் கொறையும், அப்படியே ஓட்டிக்கிட்டு இருந்தா ஆயுசும் போயிரும். நீங்க ஓட்டையை எப்படிப் போட்டீங்கன்னு எழுதல, 12 மில்லிமீட்டர் ட்ரில் பிட்டால நேரா போட்டிருந்தா அது கட்டாயம் கொஞ்சம் பெருசாத்தான் வெட்டியிருக்கும், மொடியூல் லொடலொடன்னு உள்ள போயிருக்கும்.

கணக்கு போட்டுப் பாருங்க. மொடியூல் நீளம் 25 மில்லிமீட்டர், சுத்தி 0.1 மில்லிமீட்டர் சந்து, அதுல வெறும் காத்து. 10 வாட் அந்தச் சந்தைத் தாண்டவே 40 பாகை வித்தியாசம் வேணும். அதே சந்துல சாதாரண தேர்மல் பேஸ்ட் (சூடு கடத்துற பசை) நிறைஞ்சிருந்தா ஒரு பாகை போதும். செட்டையை எத்தனை தான் கூட்டினாலும் இந்த 40 கொறையாது, அதனால கவனத்தை முதல்ல ஓட்டை மேல வைங்க, செட்டை எல்லாம் பெறகு. இப்ப இருக்குறதையே காப்பாத்தலாம்: ஹெக்ஸோ பிளேடால ஒரு பக்கம் நீளவாட்டுல கீறி, குறுக்க எம் 3 (3 மில்லிமீட்டர்) ஸ்க்ரூ ஒண்ணு போட்டு இறுக்குங்க, பேஸ்டை மெல்லிசா தடவுங்க. அந்த ஸ்க்ரூவுக்கு மரை வெட்டுற டேப் போட, முதல்ல 2.5 மில்லிமீட்டர் பிட்டால ஓட்டை போடுங்க.

தலவாக்கலையிலருந்து: எங்க தேயிலை பெக்டரி வேர்க்ஷொப்புல பழைய லேத் இருக்கு, பிட்டர் மாமா செஞ்சு தாறேங்கிறார். அவர்கிட்ட என்ன சொல்லணும்?

மாமாவுக்கு இரும்பு பழக்கமா இருக்கும், அலுமினியம் டூல் முனையில ஒட்டிக்கும், அதை மட்டும் ஞாபகப்படுத்துங்க. எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலை நல்லா கூரா தீட்டி, மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டு வெட்டச் சொல்லுங்க, 40 மில்லிமீட்டர் கம்பிக்கு நிமிஷத்துக்கு 700 சுத்து அளவு சரி. முதல்ல ஓட்டை: 6, 10, 11.5ன்னு படிப்படியா பிட் போட்டு, கடைசி அரை மில்லிமீட்டரை போரிங் டூலால (ஓட்டையை உள்பக்கம் கடையிற டூல்) மொடியூலை வெச்சு வெச்சுப் பாத்து எடுக்கணும். பெறகுதான் பார்ட்டிங் டூலால (ஒடுக்கமா பள்ளம் வெட்டுற டூல்) செட்டை. சக் (லேத்ல கம்பியைக் கவ்விப் பிடிக்கிற பாகம்) பிடிக்கிறதுக்கு பின்னால கொஞ்சம் கம்பி மிச்சம் விட்டு கடைசியில அறுத்துருங்க, செட்டையைச் சக்குல பிடிச்சா வளைஞ்சிரும். சீவல் நீளநீளமா வரும், மிஷின் ஓடுறப்ப கையால இழுக்கவே கூடாது.

பண்டாரவளையிலருந்து: பழைய பைக் எஞ்சின் ஹெட்டை உருக்கி வார்த்து எடுக்கலாமா?

வேணாம் தம்பி. அதுல சிலிக்கன் நெறைய, சூடு கடத்துறது கொறைவு, வீட்டுல வார்த்தா உள்ள பொந்து பொந்தா வேற வரும். அதைவிட, அச்சுல கொஞ்சம் ஈரம் இருந்தாலே உருகின அலுமினியம் வெடிச்சுத் தெறிக்கும், நம்ம ஊர்ல ஈரம் இல்லாத நாள் எது? ஜன்னல் ஃபிரேம் செய்யிற கடைகள்ல கழிவுத் துண்டு கேளுங்க, அது பெரும்பாலும் 6063ங்கிற அலுமினியக் கலவை, ரொம்ப நல்ல சாமான். லேத்ல கடைய உருண்டைக் கம்பி 6061 கெடைச்சா அதுவும் போதும்.

நுவரெலியாவிலருந்து ஒரு அக்கா: இந்தக் குளிருக்கு ஹீட்சிங்க் எதுக்கு? பெல்டியர் (கரண்ட் குடுத்தா ஒரு பக்கம் குளிர்ற தகடு) போட்டா இன்னும் குளிருமா? வீட்டுல சின்னப் புள்ளைங்க இருக்கு, வேற என்ன கவனிக்கணும்?

அக்கா, குளிர் உங்களுக்கு லாபம்தான், கொழும்பை விட பத்துப் பாகை கொறைவா ஆரம்பிக்கிறீங்க. ஆனா 1868 மீட்டர் உயரத்துல காத்து மெல்லிசு, கடல் மட்டத்தை விட அடர்த்தி ஆறுல ஒரு பங்கு கொறைவு, பேன் அதே வேகத்துல சுத்தினாலும் அள்ளிட்டுப் போற சூடு கொறையும். ரெண்டையும் கழிச்சுப் பாத்தாலும் லாபம் உங்களுக்குத்தான், ஹீட்சிங்க் மட்டும் கட்டாயம் வேணும். பெல்டியர் வேண்டாம், உங்க மிஸ்டுக்கு லென்ஸ் மேலயே பனித்துளி கட்டும்.

புள்ளைங்க விஷயம் ரொம்ப முக்கியம். அரை வாட்டுக்கு மேல போனாலே அது 4ஆம் வகுப்பு லேசர், சுவத்துல பட்டுச் சிதறி வர்ற வெளிச்சம் கூட பக்கத்துல கண்ணைக் கெடுக்கும். புதுசா கடைஞ்ச அலுமினியம் கண்ணாடி மாதிரி திருப்பி அடிக்கும், அதனால கதிர் பக்கம் பாக்குற முகத்தை எமரி பேப்பரால தேய்ச்சு மங்கலாக்குங்க. 450 நானோமீட்டருக்குன்னு எழுதின, ஓ.டி. (வெளிச்சத்தை எவ்வளவு தடுக்கும்ங்கிற அளவு) 4க்குக் கொறையாத பாதுகாப்புக் கண்ணாடி வாங்குங்க, கூலிங் கிளாஸ் உதவாது. மிஷினை மூடின பெட்டிக்குள்ள வைங்க, ரூம் கதவுக்குப் பூட்டு போடுங்க.

மஸ்கெலியாவிலருந்து: கறுப்பு பெயின்ட் அடிக்கலாமா? ஹீட்சிங்க்கை மிஷின் பொடியோட (உடம்போட) நேரா இறுக்கலாமா?

பேன் இருந்தா பெயின்ட்டால பெருசா ஒண்ணும் ஆகாது, இல்லன்னா மெல்லிசா ஒரு கோட் அடிங்க, ஓட்டைக்குள்ள மட்டும் படக்கூடாது. இறுக்குறதுக்கு முன்னால மல்டிமீட்டர் வெச்சு டையோட் பின்னுக்கும் மொடியூல் உடம்புக்கும் தொடர்பு இருக்கான்னு பாருங்க. சில டையோட்ல, முக்கியமா சிவப்புல, கேஸே ஒரு பின்னோட சேந்திருக்கும், அப்படின்னா ஹீட்சிங்க்குக்கும் பொடிக்கும் நடுவுல நைலோன் வொஷரும் நைலோன் ஸ்க்ரூவும் போட்டுத்தான் மாட்டணும்.