கழுத்தில் அடிபட்டவருக்கு ஆபரேஷன் முடிந்த பிறகும் பிரஷரை ஏற்றும் மருந்து ஏன் ஓடுகிறது?

அண்ணன் மாடியிலிருந்து விழுந்து கழுத்துப் பகுதியில் முதுகெலும்பு உடைந்துவிட்டது, பிளேட் வைத்து ஆபரேஷனும் ஆகிவிட்டது, ரத்தப்போக்கு எதுவும் இல்லை, ஆனாலும் ஐசியூவில் நார்அட்ரினலின் ஓடிக்கொண்டே இருக்கிறது, எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஐசியூவில் நர்ஸ். அநேகமாக எல்லா வீட்டாரும் கேட்பதுதான் இது. பில்லை ஏற்றுகிறார்களோ என்ற சந்தேகமும் கூடவே இருக்கும், அதையும் தப்பு சொல்ல மாட்டேன்.

அது தண்டுவடத்துக்கு ரத்தம் போய்ச் சேர்வதற்காக ஓடுகிறது. விழுந்த நொடியில் நசுங்கியது நசுங்கியதுதான், அதை யாராலும் திருப்ப முடியாது. ஆனால் சேதம் அதோடு நிற்பதில்லை. அந்த இடத்தில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கிழிந்து கசியும், மிச்சமிருப்பவை சுருங்கும், சுற்றிலும் வீங்கும். தண்டுவடம் கிட்டத்தட்ட சுண்டுவிரல் தடிமன்தான், அதைச் சுற்றிக் கெட்டியான உறை, அதற்கும் வெளியே எலும்பு, வீங்குவதற்கு ஏது இடம்? உள்ளே அழுத்தம் ஏற ஏற ரத்தம் நுழைவது குறையும், ரத்தமில்லாமல் சாகும் பகுதி மேலும் கீழும் பரவும். முதல் சில நாட்களில் நாங்கள் மல்லுக்கட்டுவது இந்த இரண்டாவது சேதத்தோடுதான்.

தண்டுவடத்துக்கு ரத்தம் வருகிற ஏற்பாடே கொஞ்சம் கஞ்சத்தனமானது. முன்பக்கம் ஒரே ஒரு தமனி, அது தண்டுவடத்தின் மூன்றில் இரண்டு பங்கைப் பார்த்துக்கொள்கிறது. பின்பக்கம் சன்னமாக இரண்டு. வழிநெடுக, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான அயோர்ட்டாவின் கிளைகள் வந்து கை கொடுக்கும், அதில் பெரியது ஆடம்கீவிச் தமனி, 1882-ல் அதை விவரித்தவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அது பெரும்பாலும் இடதுபக்கம், நெஞ்சுப் பகுதியின் அடிப்பாகத்தில் வந்து சேரும். மேலிருந்தும் கீழிருந்தும் வருகிற ரத்தத்துக்கு நடுமுதுகுப் பக்கம் கடைமடை மாதிரி, வரத்து குறைந்தால் முதலில் காய்வது அங்கேதான். அயோர்ட்டா ஆபரேஷன் முடிந்து எழுந்த சிலருக்குக் கால் செயலிழப்பது இதனால்தான். அவர்களுக்கு இடுப்பில் குழாய் வைத்து, தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் மூளைத் தண்டுவட நீரைக் கொஞ்சம் வடிப்பார்கள். ரத்தக்குழாயின் சராசரி அழுத்தத்திலிருந்து அந்த நீரின் அழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் தண்டுவடத்துக்குள் ரத்தத்தைத் தள்ளுகிறது. அவர்களுக்குக் கழிப்பதைக் குறைக்கிறோம், உங்கள் அண்ணனுக்கு முதல் எண்ணையே ஏற்றுகிறோம், அவ்வளவுதான்.

நல்ல நிலையில் இருக்கும் தண்டுவடம் பிரஷர் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் தன் குழாய்களைச் சுருக்கியும் விரித்தும் சமாளித்துக்கொள்ளும். அடிபட்ட இடத்தில் அந்தச் சாமர்த்தியம் போய்விடும். போதாக்குறைக்கு, கழுத்தில் அடிபட்டால் உடம்பு முழுக்க ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடிக்கச் சொல்லும் நரம்புகளின் தொடர்பும் அறுந்து, குழாய்கள் தளர்ந்து பிரஷர் இறங்கும். இதயத்தை மெதுவாக்கும் நரம்பு மூளையடியிலிருந்து நேராக வருவதால் அதற்கு ஒன்றும் ஆகாது, அது மட்டும் வேலை செய்ய, நாடி 50-க்குக்கூட வந்துவிடும். ரத்தம் போய் பிரஷர் இறங்கியவரின் கை சில்லிட்டு வேர்த்திருக்கும், நாடி பறக்கும். இவர்கள் கையைத் தொட்டால் கதகதப்பாக, உலர்ந்து இருக்கும். உங்கள் அண்ணன் கையைப் பிடித்துப் பார்த்திருந்தால் ஒருவேளை கவனித்திருப்பீர்கள்.

எவ்வளவு ஏற்றுவது? மானிட்டரில் 120/80 மாதிரி இரண்டு எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒன்று தெரியும், அதுதான் சராசரி, நாங்கள் ‘மேப்’ என்போம். 2013-ல் வந்த அமெரிக்க வழிகாட்டி அதை 7 நாள் 85-லிருந்து 90-க்குள் வைக்கச் சொன்னது. ஆதாரம் அவ்வளவு பலமாக இல்லை என்பதால் 2024-ல் வந்த சர்வதேச வழிகாட்டி கொஞ்சம் இளக்கி, கீழே 75-80, மேலே 90-95, 3 முதல் 7 நாள் என்றது. இதய நோய் இருந்தால் கணக்கு மாறும். அதனால் “டார்கெட் எவ்வளவு, எத்தனை நாளைக்கு” என்று டாக்டரிடம் தாராளமாகக் கேளுங்கள். கால் வந்துவிடுமா என்பதற்கு இந்த எண்ணை வைத்து யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது, கொடுத்தால் நம்பாதீர்கள்.

மருந்து சிரிஞ்ச் தீரப்போகும்போது பக்கத்தில் இன்னொரு பம்ப்பில் புதுச் சிரிஞ்சை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பழையதை நிறுத்துவோம், ஏனென்றால் ஒரு நிமிஷ இடைவெளியிலேயே மேப் சரிந்துவிடும். அந்த நேரம் பார்த்து எங்களிடம் பேச்சுக் கொடுக்காமல் இருந்தால் புண்ணியம். அப்புறம், பாசத்தில் நீங்களாகக் கட்டிலின் தலைப்பக்கத்தைத் தூக்கி வைக்காதீர்கள், உட்கார்த்தினாலே இவர்களுக்கு பிரஷர் விழும். சளி உறிஞ்சும்போது நாடி சட்டென்று இறங்கி அலாரம் கத்தலாம், நாடியை ஏற்றும் அட்ரோபின் மருந்தைப் பக்கத்திலேயேதான் வைத்திருப்போம், வெளியே இருக்கச் சொன்னால் பதறாமல் இருங்கள்.