கேள்வி – பதில்: நகரம் செழிக்கிறது, கரியமில வாயு யார் கணக்கில்?

கேள்வி: ஒரு நகரத்தின் வருமானம் குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் அதன் மாசு தானாகவே குறையத் தொடங்கும் என்று பொருளியல் வகுப்பில் கற்பிக்கிறோம். கார்பன் உமிழ்வுக்கும் இது பொருந்துமா? (கோயம்புத்தூரிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியை)

பதில்: தாங்கள் குறிப்பிடுவது குஸ்நெட்ஸ் வளைகோடு. பொருளியலாளர் சைமன் குஸ்நெட்ஸ் 1955இல் எழுதியது, நாடு வளரும்போது வருமான ஏற்றத்தாழ்வு முதலில் கூடிப் பிறகு குறைவதைப் பற்றித்தான். அதே வடிவம் சுற்றுச்சூழல் மாசிலும் தென்படுவதாக 1990களில் எடுத்துக்காட்டியவர்கள் ஜீன் கிராஸ்மன், ஆலன் குருகர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர்கள். அவர்கள் ஆராய்ந்தவை நகரக் காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடு, புகைத்துகள், ஆற்று நீரின் மாசு போன்றவை. கரியமில வாயு அந்த ஆய்வில் இடம்பெறவில்லை. பாடம் நடத்தும்போது இதை மாணவர்களிடம் அவசியம் சொல்லுங்கள்.

கந்தகப் புகை ஏன் குறைந்தது என்பதற்கு லண்டனே சான்று. 1952 டிசம்பரில் நிலக்கரிப் புகையும் மூடுபனியும் சேர்ந்து அந்நகரைச் சில நாள்கள் மூடியபோது ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். மக்களின் கொந்தளிப்பால் 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகையைக் கக்கிய ஊரே அதனால் மூச்சுத் திணறியதால்தான் அவ்வூரார் அரசை நெருக்கிச் சட்டத்தைப் பெற முடிந்தது. கரியமில வாயுவோ நிறமும் மணமும் இல்லாதது. அது வெளியேறுகிற தெருவில் யாருக்கும் இருமல் வருவதில்லை. அதன் கேடு உலகம் முழுவதற்கும், இன்னும் பிறக்காத தலைமுறைகளுக்கும் பங்கிடப்பட்டுவிடுகிறது. ஆகவே, வசதி பெருகிய மக்கள் தாமே முன்வந்து அதைக் குறைக்கச் சொல்வார்கள் என்று எதிர்பார்ப்பதற்கு வலுவான காரணம் எதுவும் இல்லை.

கேள்வி: பெய்ஜிங் நகரம் சில ஆண்டுகளுக்குள் நிலக்கரியை ஏறத்தாழ ஒழித்துவிட்டது, அதன் பொருளாதாரமும் வளர்ந்துகொண்டேயிருந்தது. வளர்ச்சியையும் உமிழ்வையும் பிரித்துவிட முடியும் என்பதற்கு இது சான்றில்லையா? (சென்னையிலிருந்து ஒரு பொறியியல் மாணவர்)

பதில்: பெய்ஜிங்கின் காற்று தெளிந்தது உண்மை, அங்கு வாழும் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அது பெரிய நன்மை. ஆனால் தங்கள் கேள்விக்கு விடை காண வேண்டுமானால், நகர எல்லைக்கு வெளியேயும் சென்று பார்க்க வேண்டும்.

2022 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு வீரர்கள் உயரத்திலிருந்து பாய்ந்து கரணமடித்த மேடைக்குப் பின்னால் பிரம்மாண்டமான குளிர்விப்புக் கோபுரங்கள் நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 1919இல் தொடங்கப்பட்ட ஷோகாங் எஃகு ஆலை இருந்த வளாகம் அது. 2008 ஒலிம்பிக் நடக்கவிருந்த நகரத்தில் இத்தனை பெரிய எஃகு ஆலை கூடாது என்ற முடிவோடு, 2005 முதல் அதன் உற்பத்தி படிப்படியாக ஹெபெய் மாகாணத்துக்கு, தாங்ஷான் நகரத்தின் கடலோரத்தில் கடலைத் தூர்த்து உருவாக்கிய சாவ்ஃபெய்தியன் என்னும் இடத்துக்கு மாற்றப்பட்டது. 2010 இறுதியில் பெய்ஜிங்கில் இரும்பை உருக்கிய ஊதுலைகள் அணைந்தன. பழைய வளாகம் பூங்காவும் அலுவலகங்களுமாக மாறியது. எஃகு உற்பத்தி நிற்கவில்லை. ஒரு டன் எஃகுக்கு ஏறக்குறைய இரண்டு டன் கரியமில வாயு என்ற உலகச் சராசரிக் கணக்கில் பார்த்தால், பெய்ஜிங் ஏட்டிலிருந்து நீங்கிய உமிழ்வின் பெரும்பகுதி தாங்ஷான் ஏட்டில் ஏறியது. மின்சாரத்தின் கதையும் இதையே ஒத்தது. 2017 மார்ச்சில் நகரின் கடைசிப் பெரிய அனல்மின் நிலையம் மூடப்பட்டது. ஆனால் பெய்ஜிங் பயன்படுத்தும் மின்சாரத்தில் பாதிக்கும் மேற்பட்டது நிலக்கரி மிகுந்த அண்டை மாகாணங்கள் உள்ளிட்ட வெளியிடங்களிலிருந்து வருகிறது.

இதை முழுக்க ஏமாற்று என்று தள்ளிவிடவும் கூடாது. புதிய ஆலையின் உலைகள் பெரியவை, எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்துபவை. நகருக்குள் நிலக்கரிக்குப் பதிலாக வந்த எரிவாயு நிலையங்கள், அதே அளவு மின்சாரத்துக்கு ஏறக்குறைய பாதி கரியமில வாயுவையே வெளியிடுகின்றன. மெய்யான குறைப்பும் வெறும் இடமாற்றமும் அங்கே கலந்து கிடக்கின்றன. ஒரு நகரத்தின் சாதனையை மதிப்பிடும்போது இரண்டையும் பிரித்தெடுப்பதுதான் முதல் வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன். சி40 என்ற மாநகரங்களின் கூட்டமைப்பு 2018இல் 79 நகரங்களை ஆராய்ந்தது. நகர மக்கள் வாங்கி நுகரும் பொருள்களின் உமிழ்வையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, வழக்கமான கணக்கைவிட மொத்தம் 60 சதவீதம் கூடுதலாக வந்தது.

கேள்வி: அப்படியானால், மெய்யாகவே உமிழ்வைக் குறைத்துக்கொண்டு வளர்ந்த நகரம் ஒன்றுகூட இல்லையா? (திருச்சியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இருக்கிறது. ஸ்டாக்ஹோம் அத்தகைய நகரம். சுவீடன் 1991இலேயே கார்பன் வரி விதித்தது. அதன் அழுத்தத்தால், தலைநகரின் பெரும்பாலான கட்டடங்களுக்குக் குழாய் வழியே வெப்பம் அனுப்பும் பொது வெப்ப நிலையங்கள் நிலக்கரியிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் மரக்கழிவு, குப்பை போன்றவற்றுக்கு மாறின. 2020இல் நகரின் கடைசி நிலக்கரிக் கொதிகலனும் நிறுத்தப்பட்டது. 2006இல் சோதனை முறையில் வந்து மறு ஆண்டு நிரந்தரமான நெரிசல் கட்டணம், நகர மையத்துக்கு வந்துபோகும் வாகனங்களை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது. 1990க்குப் பிறகான முப்பது ஆண்டுகளில் சுவீடனின் உள்நாட்டு உமிழ்வு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைய, பொருளாதாரம் முக்கால் பங்குக்கும் மேல் வளர்ந்தது. நீர்மின்சாரமும் அணுமின்சாரமும் ஏற்கெனவே தாராளமாகக் கிடைத்தது அந்த நாட்டின் வாய்ப்பு என்பதையும், சுவீடன் மக்களின் நுகர்வால் எழும் உமிழ்வில் பாதிக்கும் மேற்பட்டது இன்றும் வெளிநாடுகளில்தான் நிகழ்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எரிபொருளோடு நகரத்தின் வடிவமும் முக்கியம். 1990இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் 25 லட்சம் பேரும் ஸ்பெயினின் பார்சிலோனாவில் 28 லட்சம் பேரும் வாழ்ந்தார்கள். அட்லாண்டாவின் குடியிருப்புப் பரப்பு 4,280 சதுர கிலோமீட்டர், பார்சிலோனாவுடையது 162. நடந்தும் மெட்ரோவிலும் போக முடிகிற தொலைவை அட்லாண்டாவாசி காரில் கடக்க வேண்டியதாகிறது. சாலையும் வீட்டுமனையும் ஒருமுறை பரவிவிட்டால் நூறு ஆண்டுகளுக்கு மாற்றுவது கடினம். ஆகவே இப்போது விரிவடைந்துகொண்டிருக்கும் நம் நகரங்களுக்கு இது அவசரமான விஷயம்.

கேள்வி: எங்கள் மாவட்டத்துச் சிமெண்ட் பெரும்பாலும் வெளியூர்களுக்குத்தான் போகிறது. சென்னையில் எழும் அடுக்குமாடிகளுக்காக இங்கே எழும் உமிழ்வு எந்த ஊரின் கணக்கில் சேரும்? (அரியலூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இப்போதைய வழக்கப்படி அரியலூரின் கணக்கில்தான். நகரங்கள் பின்பற்றும் பொதுவான கணக்கு முறையில், வெளியிலிருந்து வாங்கும் மின்சாரத்தின் உமிழ்வு வாங்கும் நகரத்தின் பங்காக எழுதப்படுகிறது. வெளியிலிருந்து வரும் சிமெண்ட், கம்பி ஆகியவற்றின் உமிழ்வைச் சேர்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சிமெண்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் தங்கள் மாவட்டம் கடலடியாக இருந்தபோது படிந்த சுண்ணாம்புக்கல்லில் கரியமில வாயு கட்டுண்டு கிடக்கிறது. சூளையில் அந்தக் கல் சுட்டெரிந்து, அரைத்தால் சிமெண்டாகும் கிளிங்கர் என்ற கட்டிகளாக மாறும்போது, ஒரு டன் கிளிங்கருக்கு அரை டன்னுக்கும் சற்று அதிகமான கரியமில வாயு கல்லிலிருந்து மட்டுமே வெளியேறுகிறது. சூளைக்கு எரிக்கும் நிலக்கரியின் புகை இதற்கு மேல். ஆகவே எரிபொருளை மாற்றினாலும் உமிழ்வில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். கிளிங்கரின் அளவையே குறைப்பதுதான் வழி. அனல்மின் நிலையச் சாம்பலையும் எஃகு ஆலைக் கசடையும் கலந்த சிமெண்ட் நெடுங்காலமாகவே நம் கடைகளில் கிடைக்கிறது. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்து, உமிழ்வை 30 முதல் 40 சதவீதம் வரை குறைக்கும் எல்சி3 வகைச் சிமெண்டை உருவாக்கியதில் சென்னை ஐஐடிக்கும் பங்குண்டு.

இந்தியர் ஒருவரின் ஆண்டுச் சராசரி கரியமில வாயு உமிழ்வு சுமார் 2 டன், அமெரிக்கர் ஒருவருடையது சுமார் 14 டன் என்றிருக்கும்போது, நம் நகரங்கள் வீடு கட்டக் கூடாது என்று யாரும் சொல்ல நியாயமில்லை. ஆனால் 2050க்குள் நிகர பூஜ்ய உமிழ்வை, அதாவது வெளியிடுவதும் உறிஞ்சப்படுவதும் சமமாகும் நிலையை, எட்டுவதாக 2023இல் காலநிலைச் செயல்திட்டம் வெளியிட்ட சென்னை, பெரிய கட்டடங்களுக்கு அனுமதி வழங்கும்போதே அவற்றுக்கு எத்தனை டன் சிமெண்ட், எவ்வகைச் சிமெண்ட் என்று கேட்டுப் பதிவு செய்யலாம். அந்த எண்ணிக்கை கையில் இருந்தால், தங்கள் மாவட்டத்தில் எழும் உமிழ்வில் எவ்வளவு தன்னுடையது என்று சென்னை எழுதிக்கொள்ள முடியும்.